பொட்டுக்கடலைக்கும் பப்பாளிக்கும் நடுவில்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் கோயம்புத்தூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆயுர்வேதப் பட்டத்தோடும் கனத்த சூட்கேஸோடும் கடல் தாண்டி வந்து இறங்கியவர்கள். மீதிப் பேர் இங்கே கிள்ளானிலும் காஜாங்கிலும் பிறந்து, அங்கே போய்ப் படித்துத் திரும்பியவர்கள். நான் நம் வைத்தியசாலையின் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளையிலும் பிறகு கிள்ளான் கிளையிலுமாக என் காலத்தை ஓட்டிவிட்டு, போன வருடம்தான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினேன். நாடி பார்ப்பதையும் கஷாயம் வைப்பதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று உங்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. கல்லூரியில் யாரும் பேசாத ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் பால்குடம் எடுக்கும் பெண்கள் வருவார்கள். கல்யாண சீசனில் பெண்ணைப் பெற்றவர்கள் வருவார்கள். உம்ரா யாத்திரை கிளம்புகிறவர்கள் வருவார்கள். உள்ளே வந்ததும் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, குரலை இறக்கி, "டாக்டர், அது கொஞ்சம் தள்ளிப்போற மாதிரி ஏதாவது இருக்கா?" என்பார்கள். இன்னும் சிலருக்கு அது முன்னாலேயே வந்து போய்விட வேண்டும். மாதவிலக்கு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'அது' என்பார்கள், 'டேட்' என்பார்கள், சிலர் வெறுமனே கண்ணைக் காட்டுவார்கள். நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாறுமாறாக வரும் சுழற்சியைச் சீர்படுத்த நம்மால் ஓரளவு உதவ முடியும். தூக்கம், சாப்பாடு, எண்ணெய்க் குளியல், மனசின் படபடப்பு என்று எல்லாவற்றையும் பார்த்து, மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்கிற வேலை அது. ஆனால் இந்த வெள்ளிக்கிழமை வராதே, அடுத்த வாரம் வா என்று கர்ப்பப்பைக்கு உத்தரவு போடும் மூலிகை எதுவும் நம் அலமாரியில் இல்லை. உடம்பில் தும்மல், பசி போலத் தானாக எழும் வேகங்களை அடக்காதே என்று படித்துவிட்டு வந்த நாம் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி விற்கவும் கூடாது. எள்ளும் வெல்லமும், பப்பாளி, கருஞ்சீரகம் எல்லாம் சீக்கிரம் வரவைக்கும் என்பார்கள். பொட்டுக்கடலையும் எலுமிச்சையும் தள்ளிப்போடும் என்பார்கள். யாருக்காவது தற்செயலாக நடந்துவிட்டால் அவர் ஊர் முழுக்கச் சொல்லுவார். பலிக்காதவர்கள் வாயைத் திறப்பதில்லை. இன்னொன்று: நாள் தள்ளிப்போய், வரவைக்க மருந்து கேட்டு வரும் பெண்ணை முதலில் கர்ப்பப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு கரண்டி கஷாயம்கூடக் கொடுக்காதீர்கள். மற்ற விஷயத்தில் நான் கேலி பேசுவேன், இதில் பேசமாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தபோது மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஓர் அம்மா வந்தார். கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலைத்தவர். உம்ராவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

"அவ்வளவு தூரம் போயிட்டு, அது வந்துட்டுதுன்னா தவாபு சுத்தி வர முடியாம ஹோட்டல் ரூம்ல உக்காந்திருக்கணும்மா. மனசு தாங்காது. உங்க பொடி ஏதாவது இருக்கா? கேரண்டி உண்டா? நான் சாயம் போவாதுன்னு சொல்லி சேலை வித்தா, போவக் கூடாது."

கேரண்டி கிடையாது என்றேன். இதற்கு ஆங்கில மருத்துவத்தில் மாத்திரை உண்டு, அது உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்று டாக்டர் பரிசோதித்துத்தான் சொல்லவேண்டும், இப்போதே போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவர் எழுந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கைக்கு வந்த வியாபாரத்தை விடுறீங்களே," என்றார். அதற்கடுத்த மாதம் முதல் அவர் கடைக்கு வரும் பெண்கள் முழங்கால் வலிக்கும் முடி கொட்டுவதற்கும் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். முடியாது என்று சொன்னதால் எனக்குக் கிடைத்த நோயாளிகள் அவர்கள்.

இனி ராஜேஸ் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். கிள்ளானில் என்னைப் பார்த்தால் இன்றும் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் பேசுகிறவர், எனக்கு அந்தச் சிநேகம் வேண்டும்.

ராஜேஸ் அக்கா பண்டமாரானில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீன் நடத்திவந்தார். கணவர் முன்பு லோரி ஓட்டியவர், விபத்தில் கால் போனபிறகு வீட்டோடு இருந்தார். குடும்பம் அக்காவின் கரண்டியில்தான் நடந்தது. ஒரு நாள் கேன்டீனை மூடிவிட்டு, மஞ்சள் கறை படிந்த கையோடு நேராக என் அறைக்கு வந்தார்.

"டாக்டர், என் மகளுக்குக் கல்யாணம். தாலி கோயில் உள்ளதான் கட்டுறது. அன்னிக்குப் பார்த்து அவளுக்கு அது வரவே கூடாது. ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க லா."

"பொண்ணு எங்கக்கா?"

"வேலைக்குப் போயிருக்கா. போர்ட்ல ஷிப்பிங் ஆபீஸ். அவளுக்கு இதெல்லாம் சொல்லல. நான் சாப்பாட்டுல கலந்து குடுத்துடுறேன்."

'சாப்பாட்டில் கலந்து' என்ற வார்த்தை காதில் விழுந்தால் மருந்துச் சீட்டை மூடிவிடுங்கள். எந்த உடம்புக்கு மருந்தோ அந்த உடம்பு எதிரில் வந்து உட்கார வேண்டும், தன் வாயால் கேட்க வேண்டும். அதைத்தான் அக்காவிடமும் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"பொட்டுக்கடலை ஆரம்பிச்சிட்டேன் டாக்டர். சட்னி, பொடி, உருண்டைன்னு எல்லாத்துலயும் போடுறேன். அது போதுமா?"

"அது வயித்துல காத்து கட்டும்கா. வேற ஒண்ணும் பண்ணாது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். மகளை அழைத்துவந்தால் பார்க்கலாம் என்று நான் சொன்னது அவர் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் தனியாக வந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. பெயர் துர்கா என்றாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தபோதே எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆனால் அவள் கேட்டது அதுவரை யாரும் என்னிடம் கேட்டிராத ஒன்று.

"டாக்டர், எனக்குக் கல்யாணத்தன்னிக்கு அது வரணும். காலையில வேண்டாம். தாலி கட்டி முடிச்சு, சாயங்காலமா வந்தா போதும்."

பேனாவைக் கீழே வைத்தேன். எப்போதும் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். நாள் ஒழுங்காக வருவதில்லை, தலைவலி அடிக்கடி வரும் என்றாள். கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டபோது, "கையைக்கூடப் பிடிச்சதில்ல டாக்டர்," என்று சிரித்துவிட்டாள். இப்போது என்ன சாப்பிடுகிறாய் என்றேன்.

"பாசார்ல பப்பாளி வாங்கி ஆபீஸ்ல வச்சு தினம் சாப்பிடுறேன். எள்ளுருண்டையும். அதெல்லாம் சூடுதானே. ஆனா வீட்ல எங்கம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு. எதை எடுத்தாலும் பொட்டுக்கடலை. நேத்து ரசத்துலகூடப் பொடிச்சுப் போட்டிருக்காங்க."

நான் குனிந்து எதையோ தேடுவதுபோல் மேசை இழுப்பறையைத் திறந்தேன். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது. ஒரே வீட்டில் தாய் தள்ளிப்போட ஊட்டுகிறாள், மகள் வரவைக்கத் தின்கிறாள், நடுவில் அந்தக் குடல் என்ன பாடுபடும் என்று நினைத்தபோது சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. தாய் வந்துபோனதை மகளிடம் சொல்லக் கூடாது. மகள் வந்ததைத் தாயிடம் சொல்லக் கூடாது. நம் தொழிலில் காதுக்கு வேலை அதிகம், வாய்க்கு வேலை குறைவு.

"ஏம்மா, கல்யாணம் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு டாக்டர். அவர் பந்திங் டவுன்ல ஏர்கான் ரிப்பேர் பண்றார். போன்ல பேசினா சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். ஆனா நேர்ல கொஞ்ச தடவைதான் பார்த்திருக்கேன், அதுவும் எல்லாரும் சுத்தி உக்காந்திருக்கும்போது." கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்கு ராத்திரியே ரூம்ல விட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. எனக்குக் கொஞ்ச நாள் வேணும் டாக்டர். எனக்கு அது வந்திருக்குன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வேற எதைச் சொன்னாலும் ஏன்னு கேப்பாங்க."

அத்தனை வருடங்களாக எத்தனையோ பெண்களுக்கு நான் நாள் கணக்குப் பார்த்திருக்கிறேன். மாதத்தில் அந்தச் சில நாட்கள்தான் ஒருத்தி கேள்வி கேட்கப்படாமல் ஒதுங்கிக்கொள்ளக் கிடைத்த ஒரே சாக்கு என்று இவ்வளவு பச்சையாக எவளும் என்னிடம் சொன்னதில்லை.

வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டாள். எள்ளும் சுக்கும் போட்ட ஒரு கஷாயத்தைக் கட்டிக்கொடுத்து, வந்தால் வரும், முயற்சி செய்து பார் என்று அனுப்பியிருக்கலாம். அவளும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். கல்யாணத்தன்று அது வராமல் போனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் மட்டும்தான் இருந்திருப்பாள்.

"துர்கா, நான் கஷாயம் தர்றதா இல்ல. இப்ப என்கிட்ட சொன்னியே, அதை அவர்கிட்ட சொல்லு."

"எப்படி டாக்டர்? தப்பா நினைச்சிட்டார்னா?"

"தப்பா நினைக்கிற ஆளுன்னா, கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கிறது உனக்கு நல்லது."

அங்கேயே உட்கார்ந்து போனில் தட்டினாள், அழித்தாள், மறுபடியும் தட்டினாள். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டுப் போனை மேசைமேல் வைத்தாள். அவன் படித்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை. நல்லபடியாக நடக்கவிருந்த கல்யாணத்தில் கிழவி புகுந்து கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். கவுண்டர் பெண் மூன்றாவது தடவை எட்டிப்பார்த்தபோது, வெளியே இருப்பவருக்கு டீ வாங்கிக் கொடு என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசியில் குரலாகவே பதில் வந்தது. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம்.

"துர்கா, சாரி, ஏணி மேல நின்னுக்கிட்டு இருந்தேன், இறங்கி வந்துதான் பேசுறேன். இதுக்கு ஏன் பயப்படுற? நம்ம ரூம் ஏர்கானைக் கழட்டி வச்சிடுறேன். ஸ்பாயில்னு சொல்லிடலாம். நீ எங்க அக்காங்க ரூம்ல படுத்துக்க. எப்ப மாட்டணும்னு நீ சொல்லு, அப்ப மாட்டிக்கலாம். நீ சாப்பிட்டியா?"

அவள் அதை மறுபடியும் போட்டுக் கேட்டாள். கேட்டுக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஏர்கான்காரர் வீட்டிலேயே ஏர்கான் ரிப்பேர் என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டேன். "நம்பாட்டி போகட்டும் டாக்டர்," என்றாள். எனக்கு அந்தப் பையனை நேரில் பார்த்து ஒரு நல்ல சாப்பாடு போடவேண்டும் போலிருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நாம் எப்போதும் "எந்தத் தேதி?" என்றுதான் முதலில் கேட்கிறோம். "ஏன்?" என்று கேட்பதை மறந்துவிடுகிறோம். தேதிக்குப் பின்னால் ஒரு பயம் ஒளிந்துகொண்டிருக்கும். அதற்கு நம் அலமாரியில் மருந்து இருக்காது. கேட்டால் மட்டும்தான் அது வெளியே வரும்.

பிறகு ராஜேஸ் அக்கா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். துர்கா என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் வணக்கம் சொன்னாள். நானும் உன் பெயரென்ன என்று கேட்டேன். எங்கள் இருவர் நடிப்பும் சுமாராகத்தான் இருந்தது, நல்லவேளை அக்கா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மாத்திரை வேண்டுமென்றால் எதிர்வரிசையில் இருக்கும் லேடி டாக்டரைப் பாருங்கள், துர்கா சம்மதித்தால் மட்டும் என்றேன். அம்மாவுக்காகத் துர்கா சரி என்றாள். அந்த டாக்டர் நிதானமாக எல்லாம் விசாரித்திருக்கிறார். தலையில் ஒரு பக்கம் வலிப்பதற்கு முன் கண்ணில் மின்னல் மின்னலாகத் தெரிகிறது என்று துர்கா சொன்னதும், இந்த மாத்திரை உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல டாக்டர், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்.

ராஜேஸ் அக்கா திரும்பி வந்து என் மேசையில் கையை ஊன்றி நின்றார்.

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்புறம் எதுக்கு எல்லாரும் போர்டு மாட்டி வச்சிருக்கீங்க?"

"வந்தா வரட்டும்மா, விடுங்க," என்றாள் துர்கா.

"வரக் கூடாதுன்னு சொல்றேன்ல."

அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. கோயில் கல்யாணம் என்றால் எல்லாத் தாய்மாருக்கும் இந்தக் கவலை உண்டு, ஆனால் இது அந்த அளவில் நிற்கவில்லை. ஏன் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி நம் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். கல்யாணப் பத்திரிகையை அவரே கொண்டுவந்து கொடுத்தார், சிரிக்காமல்.

கல்யாணத்தன்று காலையில் நான் கோயில் மண்டபத்தில் இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பட்டுச் சேலை சரசரக்க ராஜேஸ் அக்கா வந்து என் முழங்கையைப் பிடித்தார். தட்டை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடந்த அறைக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்கு என்னை இழுத்துப் போனார்.

"வந்திருச்சு டாக்டர். இப்பத்தான். அவளே கூப்பிட்டுச் சொன்னா, அம்மா, உங்ககிட்ட மறைக்க இஷ்டமில்லன்னு. ஐயர் இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிட்டுருவார். இதை நிறுத்த ஏதாவது இருக்கா?"

"இல்லக்கா."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். மேளக்காரர்கள் வாசலில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்காமல், கோயில் தூணைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கும் இப்படித்தான் வந்துச்சு, என் கல்யாணத்தன்னிக்கு. பயத்துல யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. துணியை மடிச்சு வச்சுக்கிட்டு அப்படியே போய் மணவறையில உக்காந்தேன். அப்புறம் துர்காவுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை தங்கல. அவர் லோரி கவுந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும், நான் அன்னிக்குப் பண்ணினதுதான்னு நினைச்சுக்குவேன். இத்தனை வருஷம் அவர்கிட்டகூட இதைச் சொன்னதில்ல."

பிள்ளைகளே, இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் ஒரு நாள் வரும். கையில் மருந்துப் பெட்டி இருக்காது, புரட்டிப் பார்க்கப் புத்தகம் இருக்காது, எதிரில் ஒருத்தி உடைந்து நிற்பாள். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கேட்டது ஒரு வைத்தியரை.

"அக்கா, பிள்ளை தங்காமப் போறதுக்கு உடம்புல எத்தனையோ காரணம் இருக்கு. லோரி கவுந்ததுக்குக் காரணம் ரோட்டுல இருக்கு. ரெண்டுக்கும் நீங்க காரணமில்ல. இதை நான் வைத்தியரா சொல்றேன், ஆறுதலுக்குச் சொல்லல. கோயில் விஷயத்துல இப்படிச் செய்யுங்கன்னு சொல்ல எனக்கு உரிமையில்ல. அதை நீங்களும் அவளும்தான் முடிவு பண்ணணும்."

அவர் நகரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பூ எங்கே என்று கேட்டார்கள். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது, கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு உங்கம்மாகிட்டச் சொல்லியிருந்தா, அவங்க உங்களுக்கு என்ன சொல்லியிருக்கணும்கா?"

அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேணாம் டாக்டர். கூட வந்து நின்னிருந்தா போதும்."

பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு அறைக்குள் போனார். கதவு பாதி திறந்திருந்தது. அலங்காரம் செய்யும் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, மகள் முன்னால் தரையில் குந்தி, சேலைக் கொசுவத்தை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்.

"வயிறு வலிக்குதாம்மா?"

"கொஞ்சம்மா."

"சுடுதண்ணி கொண்டு வரச் சொல்றேன். குடிச்சிட்டுப் போலாம்."

ஐயர் கூப்பிட்டபோது தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். துர்கா மணவறையில் உட்கார்ந்தாள். ராஜேஸ் அக்கா அவளுக்குப் பின்னால் போய் நின்று தோளில் கை வைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்கள். அவருடைய கணவர் ஊன்றுகோலோடு எழுந்து தன் நாற்காலியையே தள்ளிக்கொண்டு வந்தார். மந்திரத்தின் நடுவில் ஐயரே நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்கம்மா, தாலி கட்ட இன்னும் நேரமிருக்கு," என்றார்.

"இருக்கட்டும் சாமி," என்றார் ராஜேஸ் அக்கா. "நான் நிக்கிறேன்."